கணினியிற் குறுக்கீடும் வேண்டாக் காவலும்

காவல் நன்று. ஆயினும், காவலுக்குரிய காரணம் நீங்கிய பின்னும் காவலாளியை வாயிலில் நிறுத்திவைத்தல் நன்றாகுமா என்பது ஆராய்தற்குரியது. அறுவடை முடிந்த வயலிலே பரண் அமைத்து இரவெல்லாம் விழித்திருப்பான் ஒருவன் எதனையும் காத்தவனாகான். அவனைக் காணும் வழிப்போக்கரோ, இவ்வயலிற் கதிர் இன்னும் உளது போலும் என மயங்குவர். இத்தகைய காவல்கள் கணினிக்கு எழுதப்படும் நிரல்களிலும் உள. உலகெங்கும் பயிலும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கேர்னலிலே, தொடர்த் துறைகளை ஆளும் பகுதிகளில் நெடுங்காலம் நின்ற சில காவல்களையும், அவை களையப்பட்ட வரலாற்றையும் ஈண்டு ஆராய்வாம். ஒரு காவல் வேண்டாதது என்பதை அது நிற்கும் இடத்தை மாத்திரம் நோக்கித் துணிதல் கூடாது. அவ்விடத்துக்கு வருவோர் யார், எந்நிலையில் வருவர் என்பவற்றை முற்றும் ஆராய்ந்தே துணிதல் வேண்டும். இதுவே இக்கட்டுரை நாட்ட முயலும் கருத்தாகும்.

தொடர்த் துறை

கணினி புறச் சாதனங்களோடு உரையாடும் வழிகளுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று தொடர்த் துறை. பைற்று ஒன்றிற்கு எட்டுப் பிற்றுக்கள். அவ்வெட்டும் எட்டுக் கம்பிகளில் ஒருங்கே செல்லாது, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து செல்லுதலின் இப்பெயர் உண்டாயிற்று. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினியில் இத்தொழிலைச் செய்தது 8250 என்னும் இலக்கம் பெற்ற சில்லு. அதன் வழித்தோன்றல்களாகப் பின்னர் 16450, 16550 முதலியன வந்தன. லினக்ஸிலே இச்சில்லுகளை ஆளும் செலுத்தி இன்றும் 8250 என்னும் மூதாதையின் பெயராலேயே வழங்குகின்றது. சாதனம் ஒன்றை ஆளும் நிரற்பகுதியையே செலுத்தி என்கின்றோம்.

பழையதாயினும் இத்துறை வழக்கொழிந்திலது. தொழிற்சாலைப் பொறிகள், வலையமைப்புச் சாதனங்கள், பலவகை அளவீட்டுக் கருவிகள் ஆகியன இன்றும் இதன்வழிப் பேசுகின்றன. புதிதாய் ஆக்கப்பட்ட முறைவழியாக்கியொன்று உயிர்பெற்றதா என்பதை அறிய விரும்புவோரும் முதலில் நோக்குவது பெரும்பாலும் தொடர்த் துறையிலே வெளிப்படும் எழுத்துக்களையே. சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தார் 'சக்தி' என்னும் பெயரால் வகுத்த முறைவழியாக்கிகளுள் ஒன்று 2018இற் சில்லாக வடிக்கப்பட்டு லினக்ஸை இயக்கியது. அத்தகைய முயற்சி எதற்கும் தொடர்த் துறையே முதல் வாய் எனலாம்.

நம் ஊரை அண்டியும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடுத்த திகனப் பகுதியிலே சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அண்மையிலுள்ள பல்லேகலையில் உலக நிலநடுக்கப் பதிவு வலையமைப்பைச் சார்ந்த நிலையம் ஒன்று உளது. அக்கருவிகளின் உள்ளமைப்பு நம் ஆராய்ச்சிக்குரியதன்று. எனினும், அதிர்வை அளக்குங் கருவி எதுவாயினும், அது கூறுவதைக் கணினி அக்கணமே கேட்டுக்கொள்ளல் வேண்டும் என்பது வெளிப்படை. நிலம் தான் அதிர்ந்ததை மறுமுறை அதிர்ந்து காட்டாது.

அக்கணம் எத்துணைச் சிறிது என்பதைக் கணக்கிட்டுக் காண்பாம். செக்கனுக்கு 1,15,200 பிற்றுக்கள் என்னும் வேகத்தில், தொடக்கப் பிற்றும் முடிவுப் பிற்றும் சேர்ந்து பைற்று ஒன்றிற்குப் பத்துப் பிற்றுக்கள் ஆகும். ஆகவே செக்கனுக்கு 11,520 பைற்றுக்கள் வரும். அஃதாவது, ஏறக்குறைய 87 மைக்ரோ செக்கனுக்கு ஒரு பைற்று. மைக்ரோ செக்கனாவது செக்கனிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 8250 சில்லிலே வந்த பைற்றை வைத்திருக்க ஒரே ஓர் இடந்தான் உண்டு. அடுத்தது வந்து முடியுமுன் முன்னையதை எடாவிடின் அது அழிந்துபடும். 16550ஏ சில்லிலே பதினாறு பைற்றுக்கள் வரிசையாய்க் காத்திருக்க இடம் உளது. பதினான்கு சேர்ந்ததும் அறிவிக்குமாறு அதனைப் பணித்தால், செக்கனுக்கு 11,520 முறை அழைக்கவேண்டியது ஏறக்குறைய 823 முறையாகக் குறையும். ஆயினும் எஞ்சிய இரண்டு இடங்களும் நிரம்ப 174 மைக்ரோ செக்கன் அளவே ஆகும். அதற்குட் கணினி செவிசாய்த்தல் வேண்டும்.

குறுக்கீடும் பூட்டும்

கணினி எவ்வாறு செவிசாய்க்கின்றது? இரண்டு வழிகள் உள. ஆசிரியர் ஒருவர் அலுவலறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கின்றார் எனக் கொள்வோம். யாரேனும் வந்தனரா என்று நிமிடந்தோறும் எழுந்துசென்று வாயிலை நோக்கி வருதல் ஒரு வழி. வந்தவர் கதவைத் தட்டத் தாள்மீது குறியிட்டுவைத்து எழுந்துசென்று, வந்தவரைக் கவனித்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்தல் மற்றொரு வழி. பின்னையதே குறுக்கீடு எனப்படுவது. சாதனம் மின்குறிப்பொன்றால் முறைவழியாக்கியைத் தட்டும். முறைவழியாக்கி செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, அச்சாதனத்துக்குரிய கையாளியை இயக்கி, மீளும். 1954ஆம் ஆண்டளவில் அமெரிக்க நியம நிலையத்தார் ஆக்கிய டைசியக் என்னுங் கணினியில் உள்ளீட்டு வெளியீட்டுக்குரிய குறுக்கீடு இடம்பெற்றிருந்தது. ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வும் இப்பொருளையே சார்ந்தது. எக்கணத்தில் தட்டப்படும் என்று முன்னறிய இயலாமையின், குறுக்கீட்டாற் பிறக்கும் பிழை இன்று தோன்றி நாளை மறையும். மீட்டும் வருவித்துக் காண்டல் அரிது. இத்துறையிலே அறிஞர் அச்சம் மிகுந்திருந்தமைக்குக் காரணம் அதுவே.

அவ்வச்சத்தினின்று பிறந்த காவல்கள் இரண்டு. முதலாவது பூட்டு. மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் ஒற்றைத் தண்டவாளப் பகுதிகளில் நெடுங்காலமாக வழங்கிய முறையை நம்மவர் அறிவர். டெப்லற் எனப்படும் அடையாள வில்லையைக் கையிற் பெற்றாலன்றிச் சாரதி அப்பகுதியுட் புகலாகாது. வில்லை ஒன்றே ஆதலின், வண்டியும் ஒன்றே புகும். தொடர்த் துறையின் பதிவிடங்களை ஒரே வேளையில் இருவர் தொட்டு நிலைகுலைக்காதிருத்தற்கு அத்தகைய வில்லையொன்று கேர்னலில் உளது. அதனைப் பெறும்வரை காத்திருப்போன் உறங்காது அவ்விடத்திலேயே சுழன்று நிற்பான். ஆதலின் அது சுழற்பூட்டு எனப்படும்.

இரண்டாவது, குறுக்கீட்டையே சிறிதுநேரம் அடைத்தல். அஃதாவது, தட்டினாலும் கேளாதவாறு கதவை இறுக்கி வைத்தல். பூட்டு இருக்க இஃது எற்றுக்கு எனின், கூறுவாம். சாதாரண நிரலொன்று பூட்டைப் பெற்றுத் துறையைத் தொடுகையில் அத்துறையே குறுக்கிடுகின்றது எனக் கொள்க. அதே முறைவழியாக்கியிற் கையாளி எழுந்து அப்பூட்டை நாடும். பூட்டோ, இடைநிறுத்தப்பட்ட நிரலின் கையில் உளது. கையாளி முடிந்தாலன்றி நிரல் தொடராது. நிரல் பூட்டை விட்டாலன்றிக் கையாளி முடியாது. இருவரும் என்றென்றும் காத்து நிற்பர், கணினி உறைந்துபோம். ஆகவே நிரலானது பூட்டைப் பெறுமுன் குறுக்கீட்டை அடைத்தல் இன்றியமையாதது. முன்பு அடைபட்டிருந்ததா, திறந்திருந்ததா என்னும் நிலையைக் குறித்துவைத்து, பூட்டை விடும்போது அந்நிலையையே மீட்டல் வேண்டும். லினக்ஸிலே இவ்வனைத்தையும் ஒருங்கே செய்யும் கட்டளை 'ஸ்பின் லொக் ஐ.ஆர்.கியூ. சேவ்' என வழங்கும். வெறும் பூட்டை மாத்திரம் பெறுவது 'ஸ்பின் லொக்'.

எவ்விடத்து எக்கட்டளை பொருந்தும் என்பதே நம் வினா. கையாளியின் வெளியே அடைத்தல் வேண்டும் என்பது விளங்கிற்று. கையாளியின் உள்ளேயும் அடைத்தல் வேண்டுமா? கையாளி தொடங்கும்போதே கதவு அடைபட்டிருப்பின், அதனுள் மீண்டும் அடைத்தல் மூடிய கதவை மூடுதலேயாம்.

2010ஆம் ஆண்டின் உறுதிமொழி

தொடக்ககால லினக்ஸிலே கையாளிகள் விரைவானவை, மெதுவானவை என இரு வகைப்பட்டிருந்தன. விரைவானவை எல்லாக் குறுக்கீடுகளும் அடைபட்ட நிலையில் இயங்கின. மெதுவானவை இயங்குகையிற் பிற குறுக்கீடுகள் புகக்கூடும். செலுத்தியை எழுதுவோர் முதல்வகையை விரும்பின் ஒரு குறியை இட்டுக் கேட்டல் வேண்டும். 2006ஆம் ஆண்டுமுதல் அக்குறி 'ஐ.ஆர்.கியூ.எவ். டிசேபிள்ட்' என்னும் பெயரால் வழங்கிற்று. தொடர்த்துறைச் செலுத்திகள் பலவற்றில் அது காணப்பட்டது.

குறுக்கீட்டினுட் குறுக்கீடாக அடுக்கடுக்காய் வருமிடத்து, கேர்னல் தன் இடைக்குறிப்புக்களை வைத்திருக்கும் சிறிய அடுக்கு நிரம்பி வழிதல் கூடும். அவ்வாறு நேரின் கணினி வீழும். ஆதலின் 2010இல் வெளிவந்த 2.6.35ஆம் பதிப்பிலே, இங்கோ மொல்னார் என்பார் செய்த மாற்றத்தால், எல்லாக் கையாளிகளும் குறுக்கீடு அடைபட்ட நிலையிலேயே இயங்கும் என்னும் பொதுவிதி அமைந்தது. செலுத்திதோறும் தனித்தனியே சுமந்திருந்த கடமையை நடுநிலையிலுள்ள கேர்னல் தானே ஏற்றுக்கொண்டது.

அன்றோடு அக்குறி பொருளற்றதாயிற்று. இட்டாலும் இடாவிட்டாலும் பயன் ஒன்றே. எனினும் அது நூற்றுக்கணக்கான வரிகளில் அப்படியே நின்றது. புதிய செலுத்தியை எழுத முற்பட்டோர் பழையதைப் பார்த்தெழுதுதலின் செத்த குறி புதிய ஏடுகளிலும் ஏறிற்று. 2013ஐ ஒட்டிய காலத்தில் மைக்கேல் ஒப்டெனாக்கர் என்பார் பல செலுத்திகளிலிருந்து அதனைக் களையும் திருத்தங்களைத் தொடர்ந்து முன்வைத்தார். தொடர்த்துறைச் செலுத்திகளும் அவற்றுள் அடங்கும். 2015இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில் அக்குறியின் பெயரே கேர்னலிலிருந்து நீங்கிற்று. பிறகு அதனை எழுதினால் நிரல் தொகுபடாது. வழக்கொழிந்த சொல்லை அகராதியினின்றும் எடுத்துவிட்டமையின் ஐயத்துக்கு இடமின்றிப் போயிற்று.

உறுதிமொழிக்கு ஒரு புறனடை

இவ்வளவில் நின்றால் வரலாறு எளிது. 2010இன் பின் கையாளியினுள் அடைத்தல் வேண்டா. ஆகவே 'சேவ்' என்னும் கட்டளையை எங்கும் வெறும் 'ஸ்பின் லொக்' ஆக மாற்றிவிடலாம் என்று ஒருவர் முடிவுசெய்யலாம். பலர் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணம் அந்நாளிற் பிழையாயிற்று. அதன் காரணத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

2011இல் வெளிவந்த 2.6.39ஆம் பதிப்பிலே தோமஸ் கிளைக்ஸ்னர் என்பார் ஒரு புதிய தெரிவை அமைத்தார். கணினியைத் தொடக்கும்போது அதனைக் கேட்டால், பெரும்பாலான கையாளிகள் குறுக்கீட்டு நிலையில் இயங்காது, தனித்தனி இழைகளாக, ஏனைய வேலைகளைப் போலவே வரிசையில் நின்று இயங்கும். அவசர வேலையைக் குறித்த நேரத்திற் செய்யவேண்டிய கணினிகளுக்கு இது பெரிதும் பயன்பட்டது. ஆனால் அவ்விழைகள் இயங்குகையிற் குறுக்கீடு திறந்திருந்தது. 2010இன் பொதுவிதி இவ்விடத்துச் செல்லாதாயிற்று.

இதனால் விளைந்த கேட்டினைத் தொடர்த் துறையிலே தெளிவாகக் காணலாம். தொடர்த் துறை பல கணினிகளிற் கேர்னல் தன் செய்திகளை வெளியிடும் வாயாகவும் அமைவது. இழையாகிய கையாளி வெறும் பூட்டைப் பெற்று நிற்கின்றது, குறுக்கீடோ திறந்துளது. அக்கணம் வேறொரு சாதனம் குறுக்கிட, அதன் கையாளி ஏதோ பழுதைக் கண்டு செய்தி வெளியிட முனைகின்றது. செய்தி வெளிவரத் துறையின் பூட்டு வேண்டும். பூட்டோ, அதே முறைவழியாக்கியில் இடைநிறுத்தப்பட்ட இழையின் கையில் உளது. முன்னர்க் கூறிய முடிவிலாக் காத்திருப்பு மீண்டும் நேர்ந்தது. பழுதை அறிவிக்க வாய் திறந்தமையே கணினி உறைதற்குக் காரணமாயிற்று. ஆகவே 2011 தொடங்கி ஒரு பத்தாண்டுக் காலம், கையாளியினுள் நின்ற அப்பழைய காவல் வேண்டாதது போலத் தோன்றினும் வேண்டியதாகவே இருந்தது. அதனைக் களைந்தோர் தம் கணினியிற் சோதித்துத் தவறொன்றுங் கண்டிலர். அத்தெரிவைக் கேட்டுத் தொடங்கிய பிறர் கணினியிலேயே தவறு மறைந்திருந்தது.

2021ஆம் ஆண்டிலே யோஹான் ஹோவோல்ட் என்பார் இக்குறையைச் சுட்ட, கிளைக்ஸ்னர் அதனை வேரிலேயே திருத்தினார். செலுத்திகள் அனைத்தையும் மாற்றுக என்று பணியாது, அத்தெரிவினால் இழையாக்கப்படும் கையாளிகளையும் குறுக்கீடு அடைத்த நிலையிலேயே இயக்குமாறு கேர்னலின் நடுப்பகுதியை மாற்றினார். 2010இன் உறுதிமொழி புறனடையின்றி நிறைவேறிற்று. காவல் உண்மையாகவே வேண்டாததாயிற்று. அதன் பின்னரே களையெடுப்பு முறையாய்த் தொடங்கிற்று.

அவற்றுள் ஒன்றை மாத்திரம் கூறி அமைவாம். லினக்ஸிலே 'சிஸ்ரெக்' எனப்படும் அவசரக் கட்டளைமுறை ஒன்று உளது. தொடர்த் துறையிலே ஒரு முறிவுக் குறிப்பும் அதனையடுத்து ஓர் எழுத்தும் வந்தால், கேர்னல் தன் நிலையை அச்சிடுதல் முதலிய செயல்களைச் செய்யும். அச்சிடுதற்கும் அதே பூட்டு வேண்டுதலின், கையாளி பூட்டை விட்ட பின்னரே அக்கட்டளையை நிறைவேற்றும். அதற்கென அமைந்த துணைச்செயலானது, பூட்டை விடுவதோடு, குறித்துவைத்த குறுக்கீட்டு நிலையையும் மீட்டுக்கொண்டிருந்தது. 2021இன் மாற்றத்தால் மீட்டற்கு ஒன்றுமில்லாதாயிற்று. ஆகவே ஹோவோல்ட் அத்துணைச்செயலினின்று நிலையைச் சுமக்கும் உறுப்பை நீக்கி, அதனை அழைக்கும் செலுத்திகளின் கையாளிகளிலும் 'சேவ்' கட்டளையை வெறும் பூட்டாக்கினார். திருத்தம் சில வரிகளே. அவ்வரிகளுக்குப் பின்னே பத்தாண்டு வரலாறு நின்றது.

களைதலாற் பெற்ற பயன்

வேகம் மிகுந்ததா என வினவுவார்க்கு, மிகச் சிறிது என்பதே விடை. நிலையைக் குறித்தலும் மீட்டலும் முறைவழியாக்கிக்குச் சில கட்டளைகளே. மெய்ப்பயன் வேறு. நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் நூற்குற்றம் பத்தனுள் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் வைத்தார். மிகைச்சொல் ஏட்டை நிரப்புவதோடு அமையாது, படிப்போனை இச்சொல்லுக்குப் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று தேடவும் செய்கின்றது. நிரலும் கணினிக்கு இடும் ஆணையாதலோடு, பின்வருவோன் படிக்கும் நூலுமாகும். கையாளியினுள் 'சேவ்' என்று கண்டவன், இவ்விடத்துக் குறுக்கீடு திறந்திருத்தலுங் கூடும் போலும் எனக் கருதுவான். அக்கருத்தின்மேல் வேறு நிரலைக் கட்டுவான். வெறும் பூட்டைக் கண்டவனோ, இங்குக் குறுக்கீடு அடைபட்டுளது என்னும் உண்மையை அச்சொல்லிலேயே படித்துக்கொள்வான். ஆகவே மிகையை நீக்குதல் நூலின் பொருளைத் திருத்துதலாகும்.

ஆயினும் பத்துக் குற்றங்களுள் முதலாவதாக வைக்கப்பட்டது குன்றக் கூறல். மிகையை வெட்டப்புகுந்தவன் குறையுண்டாக்குதல் எளிது. தொடர்த்துறைச் செலுத்தியிலே கையாளியொழிந்த செயல்கள் பல உள. எழுத்தை அனுப்பத் தொடங்குதல், வேகத்தை மாற்றுதல், கேர்னற் செய்தியை அச்சிடுதல் ஆகியன குறுக்கீடு திறந்த நிலையிலும் அழைக்கப்படுவன. அவற்றில் நிற்கும் 'சேவ்' உயிர்க்காவல், அதனைத் தொடலாகாது. செலுத்தி தானே விரும்பி இழையாக அமைத்துக்கொண்ட கையாளிக்கு 2021இன் விதி பொருந்தாது. 2024இன் இறுதியில் 6.12ஆம் பதிப்போடு கேர்னலிற் சேர்ந்த முழு மெய்ந்நேர அமைப்பிலே பூட்டின் இயல்பே வேறு. ஆண்டு வேறு கணக்கு வேண்டும். ஆகவே களைவோன் மூன்று வினாக்களுக்கு விடையறிந்திருத்தல் வேண்டும். இச்செயலை அழைப்போர் யாவர்? அழைக்கும்போது குறுக்கீடு எந்நிலையில் உளது? அந்நிலையை உறுதிசெய்யும் விதி எப்பதிப்பிலிருந்து நடைமுறைக்கு வந்தது? மூன்றிற்கும் விடை கூறமாட்டாதவன் கத்தியை உறையில் இடுதலே முறை.

மாணவர்க்கு ஒரு சொல்

உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் பணிசெயல் முறைமை பற்றிக் கற்கின்றனர். குறுக்கீடு என்பது அவர்க்கு வரைவிலக்கணமாக மனனஞ் செய்யப்பட்டு, வினாத்தாளோடு மறக்கப்படுதல் இரங்கத்தக்கது. லினக்ஸின் மூலநிரல் எவர்க்கும் திறந்துளது. அம்முறைமையே ஹெல்சிங்கி நகரில் 1991ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், தொலைபேசிக் கம்பிவழிப் பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள எழுதிய சிறு நிரலினின்று கிளைத்தது; அதுவும் தொடர்த் துறையிலே பிறந்த நிரலேயாம். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் நம் நாட்டுத் தன்னார்வலர் சகானா என்னும் திறந்த நிரலை ஆக்கி அனர்த்த நிவாரணத்துக்கு உதவினர். ஆகவே இத்துறை நமக்குப் புறம்பானதன்று.

கேர்னலுக்குத் திருத்தம் அனுப்புவோன், யாது மாற்றினேன் என்பதோடு ஏன் மாற்றினேன் என்பதையும் எழுதித் தன் பெயரை இடல் வேண்டும். எந்த முன்மாற்றத்தாற் பழைய காவல் வேண்டாததாயிற்று என்று சுட்டல் வேண்டும். துறைபோயவர் அதனைப் படித்து வினவுவர். விடை தகாதாயின் திருத்தம் ஏலாது. ஒரு வரியை நீக்குதற்குப் பத்து வரியிற் காரணம் எழுதும் இவ்வொழுக்கம் பள்ளியிற் பழகத்தக்கது. எதனையும் பழையது என்பதனால் விலக்குதலும், பழையது என்பதனாற் பேணுதலும் ஆராய்ச்சியாகா. காரணம் தேடி, காரணம் உளதேற் காத்து, இன்றேற் காரணங்காட்டி நீக்குதலே கல்வியின் பயன் என்க.